மறிச்சுக்கட்டிக்குப் பிறகுதான் மன்னார்

கணினியில் தமிழ் வந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்து நெடுங்காலமாகிவிட்டது. மின்னஞ்சல் தமிழில் போகிறது. கைப்பேசியில் பிள்ளைகள் தமிழில் தட்டுகிறார்கள். நாளிதழ்கள் எல்லாம் இணையமேறிவிட்டன. இனி என்ன குறை என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு சிறிய சோதனையைச் சொல்வதுண்டு. மடு, மறிச்சுக்கட்டி, மன்னார் என்று மூன்று கோப்புறைகளை உருவாக்குங்கள். கூடவே மனுக்கள் என்று நான்காவதாக ஒன்று. பிறகு ஒரு லினக்ஸ் கணினியின் முனையத்தைத் திறந்து, இவற்றை வரிசையாகக் காட்டு என்று கேளுங்கள்.

முனையம் என்பது படங்களும் சாளரங்களும் இல்லாத இடம். கட்டளையை எழுத்தால் தட்டுகிறோம், விடையும் எழுத்தாகவே வருகிறது. ‘எல்எஸ்’ என்று இரண்டெழுத்துத் தட்டினால் அங்குள்ள கோப்புகளின் பெயர்கள் பத்தி பத்தியாக வந்து நிற்கும். இது நிரலாளர்களின் விளையாட்டுத்தானே, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. நாம் படிக்கும் இணையத் தளங்களில் பெரும்பாலானவை இருக்கும் வழங்கிகளை நிருவகிப்பவர்கள் இப்படியான திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் ஆவணக் காப்பகத்தின் கோப்புகளை ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு மாற்றுகிறவர், எது வந்தது எது விடுபட்டது என்று பார்ப்பதும் இங்கேதான். தமிழ்ப் பெயர் இங்கே எப்படித் தெரிகிறதோ, அப்படித்தான் அந்தக் கோப்பின் கதியும் இருக்கும்.

சோதனைக்கு வருவோம். தமிழ் அகரவரிசை அறிந்த எவரும் அந்த நான்கையும் மடு, மறிச்சுக்கட்டி, மன்னார், மனுக்கள் என்றே அடுக்குவார். டகரத்துக்குப் பின் றகரம், அதற்கும் பின் னகரம். ஒற்றெழுத்து உயிர்மெய்க்கு முன். மொழி அமைப்பு எதுவும் குறிப்பிடப்படாத முனையம் தருவதோ மடு, மனுக்கள், மன்னார், மறிச்சுக்கட்டி. முதற்பெயரை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் அப்படியே தலைகீழ்.

காரணம் எளியது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு எண் வழங்கியபோது, இந்தியாவின் ‘இஸ்கி’ என்ற குறிமுறையின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றினார்கள். அதில் இந்திய மொழிகள் அனைத்தும் தேவநாகரியின் வரிசையை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. தேவநாகரியில் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்ததால் நம் னகரம் அங்கே போய் உட்கார்ந்தது. ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம். இலக்கண ஆசிரியர்கள் கடைசியில் வைத்த ற, ன இரண்டும் நடுவுக்கு வந்துவிட்டன. புள்ளிக்கோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் எண் கொடுத்தார்கள். ஆகவே ‘னு’ முதலில் வரும், ‘ன்’ பிறகு வரும். ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால் போய் நிற்கிறது. (தனிநிலை என்று பெயர் வாங்கிய எழுத்து, இங்கே முதல்நிலையும் வாங்கிவிட்டது.)

எண் வரிசை வேறு, அகரவரிசை வேறு என்பது ஒருங்குறியாளர்களுக்குத் தெரியாததல்ல. வரிசைப்படுத்தலுக்கென்று தனி விதிகள் வைத்திருக்கிறார்கள். தமிழுக்கான விதியும் அவற்றில் உண்டு. அந்த விதியைப் பயன்படுத்தும் நிரல் சரியாகவே அடுக்கும். ஆனால் வழங்கிகள் பலவும், சின்னச் சின்ன நிரல்கள் பலவும் வேகம் கருதியோ சோம்பல் கருதியோ வெறும் எண் வரிசையிலேயே அடுக்கிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை, பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற சிக்கலைத் தவிர. நட்டம் நமக்கு.

வரிசையாவது விதியிருந்தும் கையாளாத குற்றம். பத்தி கோணுவதற்கு விதியே காரணம். முனையம் என்பது பழைய தட்டச்சுப் பொறியின் வாரிசு: திரை முழுவதும் சம அகலக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. 1978இல் வந்த ‘விடி100’ என்ற முனையத்தில் ஒரு வரிக்கு 80 கட்டங்கள், மொத்தம் 24 வரிகள். இன்றைய முனையங்கள் மென்பொருளாகிவிட்டாலும் கணக்கு அதேதான். ஒரு பெயர் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று எண்ணித்தான் அடுத்த பத்தியை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்கிறார்கள்.

மன்னார் என்பது நமக்கு நான்கு எழுத்து. ஒருங்குறிக்கு ஏழு குறிகள். வட்டில் அது பிடிக்கும் இடம் 21 பைட்டு. முனையம் எண்ணும் கட்டங்களோ ஐந்து. முசலி மூன்றெழுத்துத்தான், அதற்கும் ஐந்து கட்டம். இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடினால், உயிர்க்குறிகளை ஒருங்குறி இரண்டு சாதியாகப் பிரித்திருப்பது தெரியவரும். தனக்கென்று இடம் பிடிப்பவை ஒன்று, எழுத்தின்மேல் ஏறிக்கொள்பவை மற்றொன்று. புள்ளி ஏறிக்கொள்வது, சரி. ஆனால் ஈகாரக் குறியும் ஏறிக்கொள்வதாம். இகரக் குறியோ இடம் பிடிப்பதாம். திருக்கேதீஸ்வரம் என்ற ஒரே பெயரைப் பாருங்கள். முதலில் வரும் ‘தி’க்கு இரண்டு கட்டம், நடுவில் வரும் ‘தீ’க்கு ஒரு கட்டம். குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று என்று எந்த ஊர் இலக்கணம் சொல்கிறது? உகரமும் இடம் பிடிப்பதாகவே எண்ணப்படுகிறது. ‘து’வில் உகரம் தகரத்தோடு ஒட்டி ஒரே வடிவமாகிவிடுவதை அந்தக் கணக்கு அறியாது. எண்ணிய கட்டம் ஒன்று, எழுத்துரு பிடித்த அகலம் இன்னொன்று. சில முனையங்களில் எழுத்துகள் ஒன்றன்மேலொன்று ஏறும். சிலவற்றில் நடுவே வெற்றிடம் விழும்.

‘மிட்நைட் கமாண்டர்’ போன்ற இரட்டைப் பலகை நிரல்களில் இது இன்னும் அம்பலமாகும. திரையை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு கோடு நிற்கும். இடப்பக்கம் ஒரு கோப்புறை, வலப்பக்கம் இன்னொன்று. அம்புக்குறியால் மேலும் கீழும் நகர்ந்து கோப்பைத் தெரிவு செய்யலாம். உள்ளே தமிழ்ப் பெயர்கள் இருந்தால் அந்த நடுக்கோடு வரிக்கு வரி முன்னும் பின்னும் போய்வரும், கரைவலைக் கயிறு போல. எந்தத் தேதி எந்தக் கோப்புக்குரியது என்று விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ‘கிழக்காசிய அகலம்’ என்ற தலைப்பில் ஒருங்குறியில் ஒரு தனி இணைப்பே இருக்கிறது. அவர்களுடைய எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று அதைக் கொண்டு முடிவு செய்துவிடலாம். நம் எழுத்துகளின் அகலத்துக்கு அப்படியோர் இணைப்பு இல்லை. ஆனால் எந்தக் குறிகள் சேர்ந்து ஓர் எழுத்தாகின்றன என்பதற்கான விதி இருக்கிறது. அந்த விதிப்படி ‘து’ ஒன்று, ‘தீ’ ஒன்று. அண்மைக்கால முனையங்கள் சில அந்த விதியைக் கையாளத் தொடங்கியுள்ளன. எனவே செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்லக்கூடாது.

இதற்கெல்லாம் நம்மவர் கண்டுபிடித்த மருந்து ஒன்றுண்டு: கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிடு. நிரலாளர்கள் மட்டுமல்ல, ஆசிரிய பீடங்களிலும் இதே உபதேசந்தான். அது ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி எழுத்துரு ஆண்ட காலத்தில், ‘தமிழ்’ என்று தட்டினால் கணினிக்குள் பதிவானது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு மாட்டிய பக்கத்தில் அது தமிழாகத் தெரியும். கோப்புப் பட்டியலில் வெறும் ஆங்கிலக் குழப்பமாகத் தெரியும். ‘வேர்ட்’ நிரலோ ஆவணத்தின் முதல் வரியின் தொடக்கத்தையே பெயராக முன்மொழியும். அவசரத்தில் ஒப்புக்கொண்டவர்களின் வட்டுகளில் அப்படியான குழப்பப் பெயர்கள் இன்னும் கிடக்கின்றன. அரைப்புள்ளியோடு கூடிய பெயரை முனையத்தில் அப்படியே தட்டினால், கட்டளை அங்கே முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். ஆகப் புள்ளி வைத்த தமிழ்ச்சொல் எதையும் அங்கே நேராகத் தட்ட இயலாது. அந்தக் காலத்தில் ஆங்கிலப் பெயர் வைத்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

இன்று அந்தப் பழக்கம் என்ன செய்கிறது என்பதை மன்னாரில் பார்த்தேன். ஊர்ப் பதிவுகளைத் திரட்டிவரும் சிலர், பல கைகளிலிருந்து சேர்ந்த கோப்புகளை ஒழுங்குபடுத்தித் தரும்படி கேட்டார்கள். காணி உறுதிகள், கிராம அலுவலர் சான்றுகள், முகாம் பதிவுகள், பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த மனுக்களின் பிரதிகள், கோவில் பள்ளிவாசல் பதிவேடுகளின் ஒளிப்படங்கள். அவர்களிடம் இருந்த பழைய கணினி லினக்ஸில்தான் ஓடியது. முனையத்தில் உட்கார்ந்துதான் வேலை.

பெரும்பாலானவை ஆங்கிலப் பெயர் கொண்டவை. தலைமன்னார் மூன்று இடங்களில் இருந்தது: ‘எச்’ சேர்த்து எழுதியவர்களுடையது ஓரிடம், சேர்க்காதவர்களுடையது வேறிடம், ‘என்’ ஒன்று போதுமென்று நினைத்தவருடையது மூன்றாமிடம். வங்காலையை ‘ஜீ’ போட்டு எழுதியவரும் உண்டு, ‘கே’ போட்டு எழுதியவரும் உண்டு. எருக்கலம்பிட்டியின் ஈற்றில் இரட்டை ‘ரீ’யா இரட்டை ‘டீ’யா என்பது அந்த ஊரவர்க்கே தீராத வழக்கு. (தமிழக வாசகர்கள் பொறுத்தருள்க. ஆங்கிலத்தின் இந்த இரண்டு எழுத்தையும் நாங்கள் ரீ, டீ என்று பிரித்தெழுதுவோம். அவர்கள் வழக்கப்படி இரண்டும் ‘டி’தான், அப்படி எழுதினால் இந்த வழக்கு என்னவென்றே விளங்காது.) தமிழில் ஒரே ஒரு விதமாக மட்டும் எழுதக்கூடிய ஊர், ஆங்கிலத்தில் மூன்று ஊராகிவிடுகிறது. அவற்றில் ஒன்றைத் தேடுபவருக்கு மற்ற இரண்டும் இல்லாதவையே.

இது வெறும் ஒழுங்குப் பிரச்சினையல்ல. எருக்கலம்பிட்டி மக்கள் 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரோடும் வெளியேற்றப்பட்டவர்கள். புத்தளம் மாவட்டத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. முள்ளிக்குளத்தார் 2007இல் ஊரைவிட்டுப் போனார்கள். அங்கே கடற்படை முகாம் எழுந்தது. காணியைத் திருப்பித் தரும்படி 2017இல் தெருவில் உட்கார்ந்து கேட்டார்கள். இப்படியானவர்களிடம் உங்கள் காணிக்கு என்ன சான்று என்று எந்த அலுவலரும் கேட்கலாம். சான்று இருக்கிறது, வட்டில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் அது எந்த எழுத்தின் கீழ் நிற்கிறது என்று தெரியாவிட்டால் இருந்தும் என்ன பயன்?

தமிழ்ப் பெயர் கொண்டவை மட்டும் ஒழுங்காக இருந்தனவா என்று கேட்பீர்கள். இல்லை. கொண்டச்சி என்ற பெயரில் அருகருகே இரண்டு கோப்புறைகள். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்பது கணினியின் விதி, ஆனால் இருந்தன. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாகப் பதிவாகியிருந்தது. மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக. ஒருங்குறியின்படி இரண்டும் சமம். லினக்ஸின் கோப்பு முறைமைக்கு வேறு வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களை இப்படிப் பிரித்தே சேமிக்கும்; அங்கிருந்து வந்த கோப்புகள் பிரிந்த வடிவிலேயே இங்கும் வந்துவிடும்.

மன்னாருக்கு நேர்ந்தது அதைவிட மோசம். பாமினியில் ‘ர்’ எழுத வேண்டிய இடத்தில், பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று, காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைப்பது பலரின் வழக்கம். தாளில் அச்சாகும்போது எவரும் வேறுபாடு காண மாட்டார். பிற்காலத்தில் அதை ஒருங்குறிக்கு மாற்றியபோது காலும் புள்ளியும் அப்படியே காலும் புள்ளியுமாக வந்துவிட்டன. அந்தக் கோப்புறையின் பெயரைக் கண்ணால் படித்தால் மன்னார். கணினிக்கு அதில் ரகரமே இல்லை. சரியான எழுத்தைத் தட்டித் தேடினால் அது அகப்படாது. இணையத்தில் ‘அவர்’, ‘இவர்’ என்று வரும் பக்கங்கள் எத்தனையோ இதே நோயோடு உலவுகின்றன. இந்தக் கோப்புறைக்குள்தான் முகாம் பதிவுகளில் பெரும்பகுதி இருந்தது.

இவற்றையெல்லாம் வேறொரு கணினியிலிருந்து தொலைவழியாக எட்டிப் பார்த்தபோது இன்னொரு காட்சி. அங்கே மொழி அமைப்பு இல்லை. பழைய ‘எல்எஸ்’ ஆக இருந்தால் பைட்டுக்கு ஒன்றாக வினாக்குறி போடும்: மன்னார் என்றால் 21 வினாக்குறிகள். 2016க்குப் பின் வந்த பதிப்புகள் வினாக்குறிக்குப் பதில் எண்களைக் காட்டுகின்றன. 340, 256, 256 என்றால் மகரம். என் மகள் வயதுப் பையன் ஒருவன் அந்த எண்களை நேரே வாசித்து ‘இது ம’ என்றான். பாராட்டினேன். ஆனால் ஊர்ப்பெயரை இப்படி வாசிக்கப் பழகுவது யாருக்கு வேண்டிய கல்வி?

எண்ணையே பெயராக வைத்துவிட்டால் என்ன என்பது அறிவார்ந்த கேள்வி. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் கொடுத்து, பெயரையும் ஆசிரியரையும் தமிழில் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறது. அந்த எண் எந்த முனையத்திலும் கோணாது, எந்த வரிசையிலும் புரளாது. பெரிய காப்பகத்துக்கு அதுவே நல்ல வழி. ஆனால் பட்டியல் எழுதுவதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஊரில் மூன்று பேர் மாலை நேரத்தில் செய்யும் வேலையில் கோப்பின் பெயர்தான் பட்டியல். அதைவிட்டால் வேறு பட்டியல் இல்லை.

ஒருங்குறியே வேண்டாம், தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் குறிமுறைக்குப் போவோம் என்பாரும் உளர். ‘டேஸ் 16’ என்ற அந்தக் குறிமுறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக ஏற்றது. வரிசைக்கும் கட்டத்துக்கும் அதில் விடை இருப்பது உண்மை. ஆயினும் உலகமே ஒருங்குறியில் எழுதித் தள்ளியபின், நாம் மட்டும் வேறு தீவில் குடியேறுவது அறிவுடைமையாகாது என்பது என் கருத்து. பாமினித் தீவிலிருந்து கரையேறப் பட்ட பாடு போதும்.

ஆகவே கேட்க வேண்டியது நிரலாளர்களிடம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் தமிழ் நிரலாளர்களுக்குக் குறைவில்லை. முனையங்களும் ‘எல்எஸ்’ போன்ற கருவிகளும் பெரும்பாலும் திறந்த மூல மென்பொருள்கள். பிழை என்று எழுதி அனுப்பலாம், திருத்தியும் அனுப்பலாம். ‘தி’க்கு இரண்டு, ‘தீ’க்கு ஒன்று என்ற கணக்கைக் காட்டி, இது தவறு என்று எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? விசைப்பலகை அமைப்புகளைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்கில் போட்ட சண்டையில் பத்திலொரு பங்கு ஊக்கம் போதும்.

மன்னார் நண்பர்களுக்கு நான் சொன்னவை எளியவை. பெயரைத் தமிழிலேயே வையுங்கள். முன்னால் ஆண்டை இலக்கத்தில் போடுங்கள். இலக்கம் எந்த மொழி எழுத்துக்கும் முந்தியே வரும். தொடர் எண் போடுவதானால் 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள், இல்லாவிட்டால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். பெயரை மிக நீட்டாதீர்கள். லினக்ஸில் ஒரு பெயருக்கு எல்லை 255 பைட்டு, தமிழுக்கு அது 85 குறிகளோடு தீர்ந்துவிடும். முனையத்தில் பட்டியலைப் பார்க்கும்போது ‘எல்எஸ்’ கட்டளையோடு -1 சேர்த்தால் வரிக்கு ஒரு பெயராக வரும். பத்தியே இல்லாதபோது பத்தி கோணாது. கொண்டச்சி இரண்டையும் திறந்து பார்த்து ஒன்றாக்கினோம். காலும் புள்ளியுமாக முடிந்த மன்னாரை ரகர ஒற்றால் திருத்த ஒரு சிறு நிரலை அந்தப் பையன் எழுதினான். அது ஓடி முடிந்தபோது, இதுவரை எந்தத் தேடலிலும் வராத முகாம் பதிவுகள் பட்டியலில் வந்து நின்றன, மறிச்சுக்கட்டிக்கு முன்னால்தான் என்றாலும்.